கருவியோ, அறையோ?

பாடவல்ல மாணவரும், கிதார், வயலின் முதலியன பயில்வோரும், கதை சொல்லுதலிலும் கவிதை படித்தலிலும் நாட்டமுடையோரும் இக்காலத்தில் தத்தம் இல்லத்தே ஓர் ஒலிப்பதிவறை அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர். விரும்புதல் தவறன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பெருநகரங்களிலிருந்த ஒலிப்பதிவுக் கூடங்களை நாடிச் சென்று, மணிக்கணக்கிற்கு வாடகை கொடுத்துச் செய்துவந்த வேலையை, இன்று ஒரு மடிக்கணினி, ஒரு சிறு ஆடியோ இண்டர்ஃபேஸ், ஓர் ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன் என்னும் நான்கைக் கொண்டு படுக்கையறையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆதலின், விடுதியிலேனும் உணவுச்சாலையிலேனும் இசைப்பித்துக் கொண்டார் இருவர் கூடியவிடத்து, "இருப்பதை விற்றுவிட்டு எதை வாங்கலாம்?" என்னும் பேச்சு எழாத நாளில்லை.

இவ்வினாவோடு என்னிடம் வருவாரும் உளர். அவர்கட்கு யான் கூறும் விடை பெரும்பாலும் உவப்பளிப்பதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கருவியின் பெயரை. யான் சொல்வதோ மெத்தை, ஜமுக்காளம், தச்சனிடம் சொல்லிச் செய்விக்கும் மரச்சட்டம் என்பனவற்றை. கையிலுள்ள பணம் சிறிதாயின் அதனை முதற்கண் அறைக்கே செலவிடுதல் வேண்டும், கருவிக்கு அன்று என்பதே என் அபிப்பிராயம். இதனைப் புத்தகத்திற் படித்து மட்டும் யான் கூறவில்லை. மீட்க முடியாததொன்றை இழந்தபின் கற்றுக்கொண்டேன். அவ்வரலாற்றை முதலிற் கூறிவிடுகிறேன்.

யான் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவனாயிருந்த 2018-ஆம் ஆண்டில், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பதினான்கு மாதம் சேர்த்த பணத்தோடு, என் அக்காள் தன் முதற் சம்பளத்திற் கொடுத்ததனையும் கூட்டிப் பதினெண்ணாயிரம் ரூபாய்க்குக் கண்டென்ஸர் வகை ஒலிவாங்கி ஒன்று வாங்கினேன். என் நோக்கம் ஒன்றே. திருநெல்வேலிச் சீமையிற் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த எங்கள் ஆச்சிக்கு நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாக முப்பதுக்குக் குறையாத பாட்டுகள் தெரியும். அவற்றுட் பல வேறெவர்க்கும் தெரியா. அவற்றை நல்ல முறையிற் பதிந்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னமே என்னிடம் மலிவான ஒலிவாங்கி ஒன்று இருந்தது. அதனால் ஆச்சியின் குரலைப் பதிதல் அவளுக்குச் செய்யும் அவமதிப்பாகும் என்றெண்ணி, ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்தேன்.

மார்கழி விடுமுறையிற் புதிய கருவியோடு ஊருக்குச் சென்றேன். வீட்டின் முன்கூடம் அகன்றது, காற்றோட்டமுள்ளது. அதுவே தக்க இடமென்று துணிந்தேன். மேலே காங்கிரீட் தளம், கீழே வழவழப்பான மொசைக் தரை, நாற்புறமும் சுண்ணாம்பு தீற்றிய செங்கற்சுவர். ஆச்சியை நாற்காலியில் அமர்த்தி, அவள் அஞ்சாதிருக்கவேண்டும் என்று கருவியை மூன்றடிக்கு அப்பால் நிறுத்தினேன். மின்விசிறியை நிறுத்தினால் அவளுக்கு வியர்க்குமென்று அதனை மெல்ல ஓடவிட்டேன். ஏழு பாட்டுகள் பாடினாள். பின்னர் ஹெட்போனை அவள் காதில் வைத்துக் கேட்கச் செய்தேன். சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, "ஏலே, நான் என்ன கெணத்துக்குள்ள எறங்கியா பாடுனேன்?" என்றாள். அனைவரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். அடுத்த விடுமுறையில் வேறு கருவி கொண்டு வந்து மீண்டும் பதிவோம் என்று அவளுக்கு வாக்களித்தேன். 2019-ஆம் ஆண்டு ஆவணியில் அவள் காலமானாள்.

அந்த ஏழு பதிவுகளிலும் சொல் விளங்கவில்லை. கூடத்தின் முழக்கமும் விசிறியின் இரைச்சலும் குரலோடு ஒன்றாய்க் கலந்துவிட்டன. பாலிற் கலந்த நீரைப் பிரித்தெடுக்கலாமென்றால் இவற்றையும் பிரித்தெடுக்கலாம். எங்கள் குடும்பத்தார் இன்று கேட்பது வேறொரு பதிவினை. வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு அனுப்புவதற்காக என் சித்தி தன் பழைய கைப்பேசியில், 'அரங்கு' என எங்கள் பக்கத்தில் வழங்கும் உள்ளறையில், ஆச்சியை மெத்தைக் குவியலின் அருகே அமர்த்தி, வாய்க்கு ஒரு சாண் தூரத்திற் பிடித்துப் பதிந்த மூன்று பாட்டுகள் அவை. அவ்வறையில் நெல் மூட்டைகளும், பழம்புடைவைகள் அடைத்த பெட்டிகளும், கூரைவரை அடுக்கிய தலையணைகளும் இருந்தன. சித்திக்கு ஒலியியல் தெரியாது. அரங்கிற்குள் தெருச்சத்தம் கேட்காது என்பது மட்டும் தெரியும். அம்மூன்றிலும் ஆச்சி மூச்சு வாங்குமிடங்கூடக் கேட்கின்றது.

பதினெண்ணாயிரம் ரூபாய்க் கருவி தோற்று, கைப்பேசி வென்றமைக்குக் காரணம் யாது? ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி செல்வது. பத்தடி அகலமுள்ள ஓர் அறையில் நாம் ஒரு சொல்லைச் சொல்வோமாயின், அஃது ஒரு விநாடிக்குள் நூறு முறைக்கு மேலாகச் சுவர்க்குச் சுவர் ஓட வல்லது. சுவர் கடினமாயிருப்பின் ஒவ்வொரு மோதலிலும் ஒலி இழப்பது மிகச் சிறிதே. ஆகவே முதற்சொல்லின் எச்சம் அடங்குமுன் இரண்டாஞ்சொல் வந்து அதன்மேல் விழுகின்றது. நம் இரு செவிகளும் உள்ளமும் கூடி இவ்வெச்சத்தை ஒருவாறு விலக்கிக் கேட்கப் பழகியுள்ளன. அதனாலேயே கூடத்தில் நேரே கேட்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஒலிவாங்கிக்கு அப்பழக்கம் இல்லை. வந்ததனைத்தையும் அப்படியே வாங்கி வைக்கும். அது நுட்பமானதாக நுட்பமானதாக, அறையின் குற்றங்களையும் அத்துணை நுட்பமாகவே பதியும். விலையுயர்ந்த கருவி என் கூடத்தின் முழக்கத்தை மிகத் துல்லியமாகப் பதிந்து தந்தது. அதன்மேற் குறை கூற இடமில்லை.

இவ்வெதிர்முழக்கத்தை முதன்முதல் முறையாக அளந்தறிந்தவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு சர்வகலாசாலையில் இயற்பியலாசிரியராயிருந்த வாலஸ் ஸேபின் என்பார். 1895-ஆம் ஆண்டில் அங்குப் புதிதாய்க் கட்டப்பெற்ற ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்து விநாடிக்கும் மேலாக நின்றது. அதனைத் திருத்தும் பணி இளைஞரான ஸேபினிடம் வந்தது. அவர் கையாண்ட கருவிகள் எவை? ஓர் ஆர்கன் குழல், ஒரு காலங்காட்டி, தம் செவி, அருகிலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கிலிருந்து கொண்டுவந்த இருக்கை மெத்தைகள், இவ்வளவே. தெருவின் ஓசை அடங்கிய நள்ளிரவுக்குப்பின் மெத்தைகளைச் சிறிது சிறிதாக மண்டபத்திற் பரப்பி, குழலின் ஒலி எத்துணை நேரம் நிலைக்கின்றது என்று இரவிரவாக அளந்தார். அறையின் கொள்ளளவு மிகின் முழக்கம் நீளும், ஒலியை உண்ணும் பொருள் மிகின் முழக்கம் குறுகும் என்னும் விதி அவ்வாறு கிடைத்தது. 1900-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாஸ்டன் நகரத்து ஸிம்ஃபனி மண்டபம் அவ்விதியைத் துணைக்கொண்டு கட்டப்பெற்றதே. ஒலியறைகளைப் பற்றிய அறிவு முழுவதும் இரவல் வாங்கிய மெத்தைகளிலிருந்து தோன்றியது என்றால் மிகையாகாது. நம் வீடுகளில் மெத்தைக்குப் பஞ்சமில்லை.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். இத்துறையில் நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளிற் பெரும்பாலன மேனாட்டார் தம் வீடுகளை மனத்திற்கொண்டு சொல்பவை. அமெரிக்க நாட்டு வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் அறைந்த ஜிப்ஸம் பலகையாலாயது; தரையிற் கம்பளம் விரித்திருப்பதும் பெருவழக்கு. அப்பலகைச்சுவர் தான் சிறிது அதிர்ந்து தாழ்ந்த ஒலிகளை ஓரளவு விழுங்கிக்கொள்ளும், வெளியேயும் விடும். செங்கல்லும் காங்கிரீட்டுமாகிய நம் சுவரோ அசைவதில்லை. தாழ்ந்த ஒலி முழுவதையும் அறைக்குள்ளேயே திருப்பியனுப்பும். ஆதலின் அவர்கள் ஓரங்குல நுரைப்பஞ்சு ஒட்டிச் சமாளித்துக்கொள்ளும் இடத்தில் நமக்கு அது போதாது. இதை அறியாமல் அவர்தம் பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்கினவர் பலர்.

அந்நுரைப்பஞ்சைப் பற்றியும் சிறிது சொல்வேன். கூரிய பற்கள் போல் வெட்டப்பட்டுக் கருநிறத்தில் விற்கப்படும் அது, பார்வைக்குப் பெரிய கூடத்தின் தோற்றத்தைத் தருகின்றது, படமெடுத்துக்கொள்ள ஏற்றது. ஆனால் ஒலியை உண்ணும் பொருளின் கனம், அவ்வொலியலையின் நீளத்திற் காற்பங்கை அணுகினாலன்றி அது நன்கு வேலை செய்யாது. விநாடிக்கு நூறு அதிர்வுடைய ஆண்குரலின் அலைநீளம் பதினோரடிக்கு மேல். அதனை ஓரங்குலப் பஞ்சு என் செய்யும்? உயர்ந்த ஒலிகளை மட்டும் உண்டுவிட்டுத் தாழ்ந்தவற்றை விட்டுவிடும். அத்தகைய அறையிற் பாடியவர் தொண்டை கட்டியவர்போற் கேட்பார். முட்டைத் தட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டுவோரும் உளர். அவற்றாற் பயன் மிகச் சிறிது. தீப்பற்றினாலோ நொடியில் எரியும். மின்கம்பிகள் நிறைந்த சிற்றறையிற் காகிதக்கூழை ஒட்டிவைப்பது அறிவுடைமையன்று.

யான் இப்போது கையாளும் முறை வருமாறு. நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலங்குலக் கனமுள்ள மரச்சட்டங்கள் எட்டினைத் தச்சர் ஒருவரைக் கொண்டு செய்வித்தேன். தொழிற்சாலைகளில் வெப்பத்தடைக்கு இடும் 'ராக்வூல்' என்னும் கற்கம்பளியை அவற்றுள் நிரப்பி, காற்றுப் புகத்தக்க பருத்தித்துணியால் மூடினேன். கற்கம்பளியைக் கையாளுங்கால் கையுறையும் முகமறையும் அணிதல் வேண்டும். இல்லையேல் இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிக்கும். சட்டங்களைச் சுவரோடு ஒட்டாமல் நாலங்குலம் இடைவெளிவிட்டு நிறுத்தினால் அவற்றின் ஆற்றல் இன்னும் மிகும். தாழ்ந்த ஒலி மூலைகளில் வந்து தேங்குவதால், நான்கினை மூலைகட்கே கொடுத்தேன். எஞ்சியவற்றைப் பாடுவோரின் பின்னும் பக்கங்களிலும் நிறுத்துவேன். தச்சுக்கூலி உட்பட இவற்றிற்கான செலவு, யான் அந்த ஒலிவாங்கியை விற்றபோது இழந்த தொகையினும் சிறிதே கூடுதல். இதற்கும் வழியில்லாதார், துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன்முன் நிற்கலாம். இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரிற் சாய்த்து மூலையொன்றை அமைத்துக்கொள்ளலாம். கனத்த ஜமுக்காளங்களை இரண்டு மூன்றாக மடித்துக் கொடியில் தொங்கவிடலாம். கைதட்டிப் பார்த்தால் அறையின் நிலை உடனே தெரியும். தட்டியபின் 'கிணுகிணு' என்று ஓர் ஓசை தொடருமாயின் இரு சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி வெறுமையாய் நிற்கின்றன என்பது பொருள்.

வெளியோசையைத் தடுத்தல் வேறு, உள்முழக்கத்தை அடக்கல் வேறு என்பதனைப் பலர் அறியார். மெத்தையும் கற்கம்பளியும் அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கையைத் தடுக்கமாட்டா. அதற்குக் கனமும், காற்றுப்புகா அடைப்பும் உள்ள சுவரும் கதவும் வேண்டும், அது பெருஞ்செலவு. வறியவனுக்கு அத்துறையிற் கிடைத்துள்ள உபகரணம் காலம் ஒன்றே. வைகறை நான்கு மணிக்கு ஊர் அடங்கியிருக்கும், பேருந்து இராது, ஆடிமாதத்து ஒலிபெருக்கியும் அந்நேரத்தில் ஓய்ந்திருக்கும். ஸேபினும் இரவில்தானே வேலை செய்தார்?

இனி, எதிர்க்கட்சியாரின் கூற்றைக் கேட்போம். "படுக்கையறையிற் பதிந்தே உலகப்புகழ் பெற்றவர் இல்லையா? அவர்கள் கற்கம்பளி வாங்கினார்களா?" என்பர். அவர்கள் காட்டும் சான்றுகளை யான் மறுக்கவில்லை. அவை என் பக்கத்துச் சான்றுகளே என்பேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ஆம் ஆண்டு வெளியிட்ட 'நெபிராஸ்கா' என்னும் இசைத்தட்டு, நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறையில், நான்கு தடமுள்ள டாஸ்காம் கேஸட் பொறியிலும் இரண்டு ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகளிலும் பதியப்பெற்றது. மாதிரிக்கெனப் பதிந்த அதனைப் பின்னர்ப் பெரிய கூடத்தில் தம் குழுவினரோடு மீண்டும் பதிந்து பார்த்து, நிறைவுறாமல், அம்மாதிரியையே வெளியிட்டார். அவ்வறையைப் பற்றி அவர் பல்லாண்டு கழித்துப் பேசியபோது, தரையில் விரித்திருந்த அடர்ந்த கம்பளத்தால் அங்கே எதிரொலி மிகுதியாக இல்லை என்றே குறிப்பிட்டார். பில்லி ஐலிஷ் என்னும் இளநங்கையின் முதல் முழு இசைத்தொகுதியும் லாஸ் ஏஞ்ஜலிஸில் அவர் தமையன் ஃபின்னியஸின் படுக்கையறையிற் பதியப்பெற்று 2019-இல் வெளிவந்து, 2020-இல் அவ்வாண்டின் சிறந்த தொகுதிக்கான கிராமி பரிசைப் பெற்றது. படுக்கையறை என்பதிற் படுக்கை இருக்கின்றது. வெறுங்கூடத்தில் எவரும் அதனைச் செய்திலர்.

நம்மவரையும் காட்டலாம். ஏ. ஆர். ரஹ்மான் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி 1989-இல் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த காலத்தில், கருவி வாங்கப் பணமின்றிக் குளிர்சாதனமும் கம்பளமும் தட்டும் மட்டுமே உள்ள அறையில் அமர்ந்திருந்ததாகவும், பின்னர்த் தம் அன்னையார் நகைகளைக் கொடுத்துதவியே முதற்கருவி வாங்கியதாகவும் தம் பேட்டியொன்றிற் கூறியிருக்கின்றார். அன்னையாரின் தியாகத்தையே இதிற் பலரும் எடுத்துக்காட்டுவர், அது தகுதியே. யான் கவனிப்பது, கருவி வருமுன்னே அங்கு அறை இருந்தது என்பதனை.

கருவியைப் பழித்தல் என் கருத்தன்று. வீணை, தம்புரா போன்ற மெல்லொலிக் கருவிகளைப் பதிவோர்க்கு இரைச்சல் குறைந்த ஒலிவாங்கியும் இண்டர்ஃபேஸும் இன்றியமையாதன. மிருதங்கத்தின் இருமுகத்தையும் ஒருங்கு பதிய விரும்புவோர்க்கு இரண்டு ஒலிவாங்கிகள் வேண்டும். இதில் மெத்தை உதவாது. அறையை அடக்கியபின் கையிற் பணம் எஞ்சுமாயின் முதலில் வாங்கத்தக்கது, காதை முற்றும் மூடும் ஹெட்போன் ஒன்று. மானிட்டர் எனப்படும் ஒலிபெருக்கிகளை முந்தி வாங்கினவர் பெரும்பாலும் ஏமாறுவர். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாகிய அறையில், விநாடிக்கு 56 அதிர்வுள்ள ஒலியும் அதன் மடங்குகளும் மூன்று திசையிலும் ஒருங்கே பெருகி நிற்கும். அங்கே அமர்ந்து கேட்பவன் தன் பாட்டில் தாழ்ந்த ஒலி மிகுதியென்று எண்ணிக் குறைப்பான். பிறர் வீட்டில் அது சோகை பிடித்துக் கேட்கும். விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் அவ்வறையிற் பொய்யே சொல்லும். அத்தகைய கனசதுர அறையைத் தவிர்த்து நீண்ட அறையைத் தேர்ந்துகொள்ளுதல் செலவில்லாத சீர்திருத்தமாம்.

செலவில்லாதவை வேறுஞ் சில உள. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் ஆறு டெசிபெல் உயரும். அறையின் முழக்கமோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டடியிலிருந்து அரையடிக்கு வந்தால் பன்னிரண்டு டெசிபெல் ஆதாயம். எத்துணைப் பணங் கொடுத்தாலும் எந்தக் கடையிலும் இவ்வாதாயம் கிடையாது. சித்தி கைப்பேசியை ஒரு சாண் தூரத்திற் பிடித்ததும், யான் மூன்றடிக்கு அப்பால் நிறுத்தியதும் இங்கே நினைக்கத்தக்கன. டைனமிக் வகை ஒலிவாங்கி அறையோசையை வாங்காது என்று சொல்லி விற்பர். அது கருவியின் மாயம் அன்று, அதனை வாயருகே வைத்துப் பாடவேண்டியிருத்தலின் விளைவே. மிக நெருங்கினால் ஒருதிசை ஒலிவாங்கிகளில் தாழ்ந்த ஒலி பெருகும் என்பதும், பகரம் வந்து மோதி 'பொத்து' என்று வெடிக்கும் என்பதும் மறத்தலாகாது. நம் வல்லெழுத்துகளுள் ஒலிவாங்கிக்குப் பகையாவது பகரமே. பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையே நிறுத்தினாலும், ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாது சிறிது பக்கவாட்டில் வைத்தாலும் அப்பகை தணியும்.

பதிவில் இடையறாத 'ங்ம்' என்னும் முரற்சி கேட்குமாயின் ஒலிவாங்கியை மாற்ற ஓடவேண்டா. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அம்முரற்சி பெரும்பாலும் அதுவும் அதன் இரட்டிப்புமே. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பார்க்க. முரற்சி மறையுமாயின் குற்றம் வீட்டு மின்னிணைப்பிலாதல் கூடும். பழைய வீடுகளில் மூன்று துளையுள்ள சாக்கெட் இருக்கும், மூன்றாந்துளைக்குப் பின்னே எர்த் கம்பி இராது. மின்பணியாளர் ஒருவரை அழைத்து அதனைச் சரிசெய்வித்தல் பதிவுக்கு மட்டுமன்று, உயிருக்கும் காப்பாகும். விநாடிக்கு 96,000 மாதிரி, 192,000 மாதிரி என்று எண்களைக் காட்டி விற்பாரையும் காண்கின்றோம். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறக்குறைய 20,000 அதிர்வு. அதற்கு 44,100 மாதிரி போதும் என்று கொண்டே குறுந்தட்டுகள் செய்யப்பெற்றன. 24 பிட் அளவிற் பதிந்து, குரலின் உச்சம் எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்துக்கொண்டால் குரல் உடையாது, இரைச்சலும் தோன்றாது. இவ்விரண்டையும் மலிவான இண்டர்ஃபேஸே செய்யும்.

இவ்வளவு கூறியும் ஒரு நண்பர், "கருவியை வாங்கினால் பிறகு விற்கலாம், கற்கம்பளியை யார் வாங்குவர்?" என்றார். நல்ல கணக்கு. அக்கணக்கின்படியே யான் என் ஒலிவாங்கியை மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு விற்றேன். பதினான்கு மாத உழைப்பும் ஓராண்டுக் காத்திருப்பும் எவ்விலைக்கும் திரும்பவில்லை. அவ்வோராண்டில், பழைய மலிவான ஒலிவாங்கியோடு அரங்கினுள் ஒருநாள் அமர்ந்திருந்தால் முப்பது பாட்டும் இன்று இருந்திருக்கும். இன்னும் நல்ல கருவி வரட்டும் என்று காத்திருப்போர் யாவரையும் அவ்வோராண்டை எண்ணிப்பார்க்குமாறு வேண்டுகின்றேன். பாட்டியரும் பெரியப்பன்மாரும் நம் கருவி வரும்வரை காத்திருப்பதில்லை.

ஆச்சியிடமிருந்து என் சித்தி கற்ற பாட்டுகள் ஒன்பது எஞ்சியுள்ளன. விற்ற பணத்திற் கைமாறி வந்த பழைய டைனமிக் ஒலிவாங்கி ஒன்றும், எட்டுச் சட்டங்களில் எளிதில் தூக்கிச் செல்லத்தக்க நான்கும் இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்கின்றன. அரங்கில் நெல் மூட்டைகள் இப்போது இல்லை, மெத்தைகள் உள்ளன. சித்தி வைகறை நான்கு மணிக்கு எழுந்து பாட இசைந்துவிட்டாள், காப்பி யானே போட்டுத் தரவேண்டும் என்னும் நிபந்தனையோடு. அயல்வீட்டுச் சேவலோடுதான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.